பத்தாங்காஸ் போகும் கப்பல்

லிகாயா: அத்தே, அந்த ஜெபமாலையைக் கொஞ்சம் கீழ வைங்க. கை எப்படி நடுங்குது பாருங்க.

பாசிங்: கை நடுங்கலடி. கப்பல் நடுங்குது.

லிகாயா: அலை அடங்கி எவ்வளவு நேரமாச்சு! வாந்தி வருதா?

பாசிங்: வந்தா உன் மடியிலதான். இப்பவே சொல்லிட்டேன்.

லிகாயா: இந்தாங்க, ஒரு சுமான் சாப்பிடுங்க. அரிசியும் தேங்காப்பாலும்தானே, வயித்துக்கு இதமா இருக்கும்.

பாசிங்: ஐயோ, உங்க அம்மாவுக்குன்னு கட்டினதுடி! கிறிஸ்துமஸுக்கு சம்பந்தி வீட்டுக்கு வெறும் வாழையிலையோடயா போறது?

லிகாயா: ஒண்ணு குறைஞ்சா அம்மா கண்டுபிடிக்கவா போறாங்க?

பாசிங்: உங்க அம்மாவா? எண்ணிப் பாத்துட்டுத்தான் எனக்கு முத்தமே குடுப்பா... சரி, பாதி குடு.

லிகாயா: ஜெபத்துல என் பேரு காதுல விழுந்துச்சே...

பாசிங்: ஒட்டுக் கேட்டியா?

லிகாயா: நீங்க போட்ட சத்தத்துக்கு மாலுமிக்கே கேட்டிருக்கும்!

பாசிங்: நன்றி சொன்னேன். வேற என்ன... அர்னெலைப் புதைச்ச அன்னைக்கே 'எங்க அம்மா வீட்டுக்குப் போறேன்'னு நீ கிளம்பியிருந்தா, என் கதி என்னடி? பெத்த பிள்ளை போயிட்டான். அவன் கட்டினவ நின்னா.

லிகாயா: அழாதீங்க... எனக்கும் உங்களை விட்டா யாரு?

பாசிங்: அக்கரையில பெத்தவங்க ரெண்டு பேரும் குத்துக்கல்லாட்டம் இருக்காங்க, யாருங்கறா!

லிகாயா: போங்கத்தே... ஆனா என் பேரு ஒரே ஒரு தடவைதான். ருஃபோ பேரு மட்டும் திரும்பத் திரும்ப வந்துச்சு?

பாசிங்: வராம? அந்த மழையில யாருடி வண்டியில ஏத்தி நம்மளத் துறைக்குக் கொண்டாந்து விட்டது? கூரை ஒழுகுதுன்னா அவன். எனக்குக் காய்ச்சல்னா அவன். கூட்டாளி செத்தப்புறம் அவனோட அம்மாவை எவன் நெனச்சுப் பாக்கறான்?

லிகாயா: ம்...

பாசிங்: என்ன 'ம்'?

லிகாயா: ஒண்ணுமில்ல. இலையைக் குடுங்க, பையில போட்டுக்கறேன்.

பாசிங்: இலை கிடக்கட்டும். கப்பல் ஏறும்போது அவன் ஏதோ சொன்னான். நீ தலையைக் குனிஞ்சிட்ட.

லிகாயா: பத்திரமா போங்கன்னாரு.

பாசிங்: அதுக்கா மூஞ்சி அப்படிச் செவந்துச்சு?

லிகாயா: மழை, அத்தே...

பாசிங்: மழையில நனைஞ்சா மூஞ்சி செவக்குமா?

லிகாயா: அத்தே... ராத்திரி பூசை முடிஞ்சதும் சொல்லலாம்னு இருந்தேன். கோவப்படாதீங்க. அவரு... என்னைக் கட்டிக்கறேன்னு கேட்டாரு.

பாசிங்: நீ என்ன சொன்ன?

லிகாயா: முடியாதுன்னுட்டேன்! சத்தியமா.

பாசிங்: ஏன்?

லிகாயா: ஏன்னு கேக்கறீங்களா? உங்களை ஒண்டியா விட்டுட்டா? அர்னெல் உக்காந்த இடத்துல இன்னொருத்தரை உக்கார வச்சு, அதை நீங்க பாக்கணுமா?

பாசிங்: என்னை விடு. உனக்குப் பிடிச்சிருக்கா?

லிகாயா: அதெல்லாம் கேக்காதீங்க...

பாசிங்: மாதா மேல ஆணையா சொல்லு.

லிகாயா: ...பிடிச்சிருக்கு.

பாசிங்: அப்ப போனை எடு. கரை வர்றதுக்குள்ள அவன்கிட்ட சொல்லிடு.

லிகாயா: அத்தே! உங்களுக்கு... ஒரு அதிர்ச்சிகூடவா இல்ல?

பாசிங்: கல்லறைத் திருநாள் அன்னைக்கு நீ தண்ணி வாங்கப் போனியே... அப்பவே அர்னெல் கல்லறைக்கு முன்னாடி மண்டி போட்டு அவன் என்கிட்டதான் முதல்ல கேட்டான். நான் ஆசை தீர அழுதேன். அப்புறம், 'கட்டிக்கோ, ஆனா கூடவே மாமியாரும் வருவா, பரவாயில்லையா?'ன்னேன். அதுக்கு அவன் என்ன சொன்னான் தெரியுமா? 'நான் கேக்க வந்ததே அதைத்தான்... உங்களை அம்மான்னு கூப்பிடலாமா?'ன்னான்.