மேல் லேயரும் கீழ் லேயரும்

— மிச்சம் பேசாத றுஸ்னா. தம்புள்ளை சந்தையில நிறுவைக் கம்பியூட்டர் ஹேங் ஆகித் தொங்குறது டிஸ்க் பழசாகினதால. பதினொரு நாளா நான் தலைய ஒடைச்சு பாத்தது.

— புது டிஸ்க் போட்டும் இன்னைக்கிக் காலையில தொங்கிச்சே ஹுஸ்னி நானா. லொறியெல்லாம் கேட்டுக்கு வெளிய நின்னிச்சு. மரக்கறி எடை போட்ட துண்டு வரல்லன்னு யாவாரிகள் ஏசுறாங்க.

— அப்ப ஒன்ட பிழை. ஃபைல சுருக்குறேன்னு என்ட ஸ்டோரேஜுக்கு மேல ஒரு லேயர் ஏத்தினியே, அது வர முந்தி எல்லாம் ஒழுங்கா ஓடிச்சு.

— கம்பெனில எல்லாரும் அதத்தான் சொல்றாங்க. நாளைக்கி அந்த லேயர தூக்கினா என்னையும் சேத்துத்தான் தூக்குவாங்க.

— ஒன்னையா? போன மாசமே டீம் லீட் ஒனக்குத்தான்னு பேச்சு. ஒம்பது வருஷம் நான் மாடா ஒழைச்சேன். நானே கையப் புடிச்சிக் கூட்டிட்டுப் போய் சேத்த தங்கச்சிக்கு லீட். உம்மா மாத்தளை முழுக்க சொல்லித் திரியிறாங்க. எனக்கு வயிறு எரியுது, மறைக்கல்ல.

— எரிஞ்சா எரியட்டும், இத ஒருக்கா பாருங்க. தொங்கினதும் எல்லாரும் ஓஃப் பண்ணி ஓன் பண்றாங்க, தடயமே இல்லாம போயிருது. இன்னைக்கி நான் ஓஃப் பண்ண விடல்ல. எந்த வேலை எதுக்காக காத்திட்டு நிக்குதுன்னு லிஸ்ட் எடுத்தேன்.

— பெரிய ஆள்தான். சரி, என்ன கெடச்சிச்சு?

— ஒங்கட லேயர் டிஸ்க்குல எழுதுற லொக்க, அதான் பூட்ட, கையில வெச்சிட்டு மெமரி கேக்குது. லொறி குமியிற நேரம் மெமரி ஏது? சிஸ்டம் என்ட லேயருக்கு வந்து, நீ வெச்சிருக்கிறத டிஸ்க்குல எழுதிட்டு எடத்த விடுன்னு சொல்லுது. எழுதணும்னா ஒங்கட அதே லொக் வேணும். மெமரி கெடைக்காம ஒங்கடது லொக்க விடாது. லொக் கெடைக்காம என்டது மெமரிய விடாது.

— அப்ப ரெண்டும் ஒன்னையொன்னு பாத்திட்டு நிக்குது.

— மெமரி கேக்குற நேரம் ஃபைல் பக்கம் திரும்பி வராதேன்னு சிஸ்டத்துக்கு சொல்ற வரி ஒன்னு இருந்திச்சே, ஒங்கட லேயர்ல? போன மாசம் ஒரு திருத்தத்தில அது எடுபட்டிருக்கு. ஒங்கட பேர்ல.

— அதையும் தோண்டிட்டியா.

— கோவிக்காதீங்க நானா. முப்பது ஃபைல் திருத்தம், கை தவறிப் போயிருக்கும். என்ட மேலயும் பிழை. இன்னொராள் வாசிச்சு ஓகே போடாம ஒரு வரியும் உள்ள போகாதே. ஓகே போட்டது நான்.

— வாசிச்சா போட்ட?

— ஒங்கட எதையும் நான் வாசிச்சதில்ல. நானா எழுதினத தங்கச்சி சரி பாக்குறதான்னு வெக்கமா இருக்கும். கண்ண மூடிட்டு போட்டிருவேன். றிப்போட்லயும் அப்படியே எழுதிட்டேன். ஹுஸ்னி தெரியாம எடுத்தது, றுஸ்னா வாசிக்காம விட்டது. லீட் போனா போகட்டும்.

— அழிச்சிரு.

— ஏன்? பாதிப் பிழை என்டதுதானே.

— ஒன்ட தர்மம் எனக்கு வேணாம். அந்த வரி இல்லாட்டி ஒன்ட லேயர்தான் மாட்டும்னு எனக்குத் தெரியும். நம்ம டீம் றம்ஸீனுக்கு அனுப்பியிருந்தா அவன் வரி வரியா பாப்பான். நீ வாசிக்க மாட்டேன்னு தெரிஞ்சுதான் ஒனக்கு அனுப்பினேன்.