சிஸ்டர் ஆரோக்கிய ராணி நிரப்பாமல் வைத்த வட்டம்

கடலூரிலும் சிதம்பரத்திலும் முப்பத்து நான்கு ஆண்டுகள் செவிலியராகவும், அவற்றுள் கடைசிப் பதினோரு ஆண்டுகள் எங்கள் மரபணு ஆலோசனைப் பிரிவின் மூத்த செவிலியராகவும் பணியாற்றி, இன்று ஓய்வு பெறும் சிஸ்டர் ஆரோக்கிய ராணி அவர்களுக்கு, உடன் உழைத்தோர் உளமார அளிக்கும் மடல்.

குருதி சொல்லும் குடும்பக் கதையைக் கேட்டறிந்த குணவதியே!

நோய் வந்தபின் மருந்து தருவது ஒரு மருத்துவம். யாருக்கு வரக்கூடும் என்று முன்னறிந்து, அவரவர்க்கு ஏற்ற சோதனையை உரிய வயதில் செய்வது அதனினும் மேலான மருத்துவம். இதை எங்களுக்குப் புரிய வைத்தது உங்கள் பென்சில். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவர்க்குக் குறுக்குக் கோடு என்று மூன்று தலைமுறையை ஒரே தாளில் அடக்குவீர்கள். பெண் கொடுக்கும் வீட்டில் அத்தையின் புற்றுநோயை மறைப்பார்கள். சுவரில் ஒட்டிய கண்ணீர் அஞ்சலியோ இறந்த வயதை மறைக்காது. அதைப் படிக்கவென்றே அண்ணாகிராமத்தில் பேருந்தை விட்டு இறங்கி, அடுத்த பேருந்துக்கு ஒரு மணி நேரம் வெயிலில் நின்றவர் நீங்கள். "எங்க வம்சத்தையே பேப்பர்ல போட்டுட்டாங்க" என்று அன்று திட்டிய தேவனாம்பட்டினம் தில்லையம்மாள், கட்டி மிளகளவில் இருக்கையிலேயே கண்டறிந்ததால், இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்.

ஊருக்கு மட்டும் உபதேசித்த உத்தமியே!

சென்ற வாரம் உங்கள் மேசையைக் காலி செய்தபோது, ஆய்வகத்துச் சார்லஸ் பெயரில்லாத வரைபடம் ஒன்றைக் கண்டார். தாய் நாற்பத்தொன்றிலும் அக்காள் நாற்பத்தாறிலும் மார்புப் புற்றுநோயால் மறைந்திருந்தார்கள். தங்கையின் வட்டத்தில் மட்டும் கேள்விக்குறி.

"யாரு வீடு சிஸ்டர்?" என்றார். "எங்க வீடுதான்" என்றீர்கள். அந்தத் தங்கை நீங்கள்தாம்.

பதினோரு ஆண்டுகள் மரபணுச் சோதனைக்குப் பிறர் கையில் ரத்தம் எடுத்த நீங்கள், உங்கள் கையை நீட்டவேயில்லை. எங்களுக்குக் கோபம் வந்தது. ஏன் என்று கேட்டோம். "ரிசல்ட்டு தப்பா வந்தா தெனமும் நீங்கள்லாம் என்னைப் பாவமா பாப்பீங்க. அத தாங்க முடியாதுப்பா" என்றீர்கள். இதைச் சபையில் வாசிக்கலாமா என்றதற்கு, "வாசிங்க, அப்பவாவது நாலு பேரு சோதிச்சுக்கட்டும்" என்றீர்கள். அந்த நாலு பேரில் உங்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை!

அன்புச் சகோதரியே!

நாளை முதல் எங்கள் முகத்தை நீங்கள் தினமும் பார்க்க வேண்டியதில்லை. ஆகவே அந்தச் சாக்கும் இன்றோடு பணி ஓய்வு பெறுகிறது. திங்கள் காலை ஒன்பது மணிக்கு, உங்கள் முடிவை அறிந்தாக வேண்டிய மகள் பெலிசியாவின் தாயாக வாருங்கள். முடிவு எதுவாயினும் அடுத்து என்ன செய்வது என்பதை எங்களுக்குக் கற்றுத் தந்தவரே நீங்கள்தாம். நூறாண்டு வாழ்க என்று வாயால் மட்டும் வாழ்த்த எங்களுக்கு மனமில்லை. கையை நீட்டுங்கள், பிறகு வாழ்த்துகிறோம்.

என்றும் உங்கள் அன்பை மறவாத
மரபணு ஆலோசனைப் பிரிவுப் பணியாளர்கள்,
கடலூர்.