இருநூற்றுப் பதினான்கு பெயர்கள்

முதலில் அந்தக் காலண்டரை நேராக மாட்டிவிடுகிறேன், ஐயா. கோணலாக எதையாவது பார்த்தால் எனக்கு இருப்புக்கொள்ளாது.

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பத்து வருடமாகக் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகைக்காரர்கள் அத்தை பெயர் விட்டுப்போச்சு, மாமன் பட்டம் விட்டுப்போச்சு என்று பத்துத் தடவை திருத்தி உயிரை எடுப்பார்கள். கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் அந்தத் தொல்லை கிடையாது. படத்தில் இருப்பவர் ஒன்றும் சொல்ல மாட்டார்.

2006 தை மாதம் மலர்கொடி வந்தாள். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்கள் சேர்ந்து நடத்தும் சின்ன அருங்காட்சியகத்துக்கு அவள் செயலாளர். தோண்டும்போது கிடைத்த, கல்லாய்ப்போன நத்தைகளும் சங்குகளும் அங்கே இருந்தன. ஆரம்பித்தவர் அவள் அப்பா அய்யம்பெருமாள். அதன் இணையதளம் திருவிழாக் கடை போல இருந்தது. மின்னும் எழுத்து, ஓடும் எழுத்து, முகப்பு முழுக்க அந்தக் கற்களை எடுத்த இருநூற்றுப் பதினான்கு பேரின் பெயர்கள். புதுச் சின்னமும் புதுத் தளமும் சித்திரைக்குள் வேண்டும் என்றாள்.

மூன்று மாதம் நான் வேறு வேலை பார்க்கவில்லை. நத்தைச் சுழியைச் சின்னமாக வரைந்தேன். வெள்ளைப் பக்கம், நடுவில் அய்யம்பெருமாள் முகம் மட்டும். நீங்கள் பார்த்தபோது ஊறிப்போயிருந்தது, ஐயா. அது நல்ல முகம்.

அவர் வாராவாரம் பஸ் பிடித்து வந்து நின்றார்.

"அழகா இருக்கு தம்பி. பேரெல்லாம் எங்க?"

"உள்பக்கத்துல போட்டுடலாம்ங்க."

"வாசல்ல நின்னவங்கள உள்ள தள்ளாதீங்க. ஊரு கூடி இழுத்த தேரு இது, எம் மூஞ்சி எதுக்கு? காத்தாயி பாறை சரிஞ்சு செத்தா. சம்பளப் பட்டியல்ல கூட அவ பேரு இல்ல. அவ மவன் நெட் சென்டருக்குப் போயி இதுலதான் பாத்துட்டு வரான்."

அவர் போனதும் பெயர்களைத் திரும்பப் போடுவேன். பக்கம் எறும்பு மொய்த்த மாதிரி ஆகிவிடும். சோறு இறங்காது. மறுபடி எடுப்பேன்.

ஒருநாள் பழக்க தோஷத்தில் அவர் படத்துக்குக் கீழே 'தோற்றம் 1938, மறைவு' என்று அடித்துவிட்டேன். அழிக்கத்தான் போனேன். ஆனால் பக்கம் அப்போதுதான் நிறைவாக இருந்தது. மறைவுக்கு எதிரே மட்டும் வெற்றிடம். அது என்னை உட்கார விடவில்லை. எழுந்து நடப்பேன், மறுபடி வந்து பார்ப்பேன், காலியாகவே இருக்கும்.

சித்திரை ஏழாம் தேதி அவரிடம் சொன்னேன். பெயர்களை முகப்பிலேயே போட்டுவிடுகிறேன், அவர்கள் வேலை பார்த்த இடத்தில் நின்று ஒரு படம் மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்று. சந்தோஷமாக வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். கைவிட்ட சுரங்கத்தில் தண்ணீர் பச்சையாகக் கிடந்தது. அவரைப் பள்ளத்தின் விளிம்பில் நிறுத்திக் கேமராவில் பார்த்து, "கொஞ்சம் பின்னால போங்க" என்றேன். போனார். "இன்னும் கொஞ்சம்" என்றேன். முப்பது வருடம் அங்கே உழைத்தவர், ஒரு தடவை கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நீச்சல் தெரியாது என்று முன்பே சொல்லியிருந்தார். நான் அவரைத் தொடவில்லை. தண்ணீர் அடங்கும்வரை நின்றிருந்தேன். மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

அஞ்சலி போஸ்டருக்கு மலர்கொடி என்னிடம்தான் வந்தாள். "அண்ணே, அப்பா ஆசப்பட்ட மாதிரி அந்தப் பேரையெல்லாம் மட்டும் முன்னால போட்டுடுங்க" என்று அழுதாள். பார்க்கலாம்மா என்றேன்.

அவர் விழுந்தது மாலை ஐந்து மணிக்கு, மறைவுத் தேதியோடு பக்கம் இணையத்தில் ஏறியது அன்று காலை பதினொரு மணிக்கே, எப்படி என்று கேட்கிறீர்கள். ஏற்றிவிட்டுத்தான் அவரைக் கூட்டிப்போனேன், ஐயா. வேலையை முடிக்காமல் கடையைப் பூட்டும் பழக்கம் எனக்கு இல்லை.

எனக்காகச் செய்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அருங்காட்சியகத்துக்காகத்தான் செய்தேன். இப்போது திறந்து பாருங்கள், அந்த இருநூற்றுப் பதினான்கில் ஒன்று கூட இருக்காது. அடியில் சின்னதாக 'வடிவமைப்பு: அன்பழகன்' என்று இருக்கும், அவ்வளவுதான். வேலை செய்தவன் பெயர் இருக்க வேண்டாமா, ஐயா?