கியர் பொக்சில் பிழையில்லை

பொலிஸ் தேநீருக்குச் சீனி காணாதுதான், பரவாயில்லை ஐயா. டொக்டரும் எனக்குச் சீனியைக் குறைக்கத்தான் சொல்லியிருக்கிறார். நீங்கள் லெஸ்டரைப் பற்றிக் கேட்டீர்கள். என் தங்கை றொவீனாவின் புருசன். நேற்றுக் காலை கல்லடிப் பாலத்துக்குக் கீழே வாவியில் பிணமாக மிதந்தவன். அவனைக் கடைசியாகப் பார்த்தவன் ஹியூபர்ட் மெக்கானிக், அதாவது நான்தான், என்று உங்களிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அவன் கதை விளங்க வேண்டுமென்றால் ஒரு வானின் எஞ்சினிலிருந்து தொடங்க வேண்டும். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

லெஸ்டரிடம் ஒரு பழைய பெற்றோல் வான் இருந்தது. அதில் ஆட்களை ஏற்றி ஹயர் ஓடுவான். பெற்றோல் குடிப்பதில் அது எங்கள் ஊர்க் குடிகாரர்களுக்கே மூத்த அண்ணன். சுனாமி வந்த வருடத்தின் நடுப்பகுதியில், கொழும்பு பஞ்சிகாவத்தைப் பழைய சாமான் கடையிலிருந்து ஜப்பான் டீசல் எஞ்சின் ஒன்றைக் கொண்டுவந்து என் கராச்சில் இறக்கினான். எஞ்சினை மாற்றுவது பெரிய வித்தை இல்லை. அதற்கு எந்தக் கியர் பொக்சைப் பூட்டுவது என்பதில்தான் வித்தை. பெற்றோல் எஞ்சின் வேகமாகச் சுற்றினால்தான் பலம் காட்டும். டீசல் மெதுவாகச் சுற்றியே இழுக்கும். ஒன்றின் பொக்சை மற்றதில் பூட்டினால் மாமியாரையும் மருமகளையும் ஒரே குசினியில் விட்ட கதைதான். டீசலுக்குத் தோதாக இரண்டு பொக்ஸ் கிடைத்தன. ஒன்று சின்ன லொறியில் கழற்றிய நாலு கியர்; பாரம் இழுக்கும், ஓட்டம் ஓடாது. மற்றது அந்த எஞ்சினோடு பிறந்த ஐந்து கியர். நான் நாலு கியரைச் சொன்னேன்.

“நாலு கியரைப் போட்டுக்கிட்டு நான் எங்க மச்சான் போற? இந்தா பக்கத்தில கல்லாறு மட்டும்தான்,” என்று லெஸ்டர் சிரித்தான். “நீர்கொழும்புக்கு ஓடணும். அங்க எயார்போர்ட் ஹயர் கிடக்கு. மறுகா அங்கயே இருந்திரலாம் எண்டு றொவீனாவும் சொல்றாள்.”

ஐந்து கியரையே பூட்டினேன். அவன் தெரிவுதான் சரி. அன்றைக்கே எனக்கு அது தெரியும். நான் கலியாணம் கட்டாதவன், ஐயா. அம்மா செத்த பிறகு மத்தியானச் சோறு றொவீனா வீட்டிலிருந்துதான் வரும். ஞாயிறு பூசை முடிந்தால் கடற்கரையோரம் டச்பாரில் அவர்கள் வீட்டில்தான், மகள் கிளோடியாவோடு விளையாடிக்கொண்டு கிடப்பேன். இதைச் சும்மா சொல்கிறேன். வானுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

அந்தக் காலம் எப்படிப்பட்டதென்று உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. நன்றாக இழுக்கும் வாகனம் என்று தெரிந்தால் இயக்கம் இரவல் கேட்கும், இல்லாவிட்டால் ஆமிக் காம்ப்பிலிருந்து கேட்பார்கள். போன இரவல் திரும்பி வராது. அதனால் ஆட்கள் என்னிடம் வந்து, “வண்டிக்கு ஒரு நோய் வச்சுத் தாங்க” என்பார்கள். எங்கள் கராச்சுகளில் அதற்கு அதுதான் பேர். டீசல் பம்புக்குள் போகும் குழாயின் வாயில், நடுவில் ஊசித் துளை போட்ட செப்பு வாசர் ஒன்றை வைத்துப் பூட்டிவிட வேண்டும். ஸ்டார்ட் ஆகும், மெதுவாக ஓடும். பாரம் ஏற்றினால் டீசல் போதாமல் இளைக்கும். கேட்டு வந்தவன் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, சீ என்று திருப்பித் தந்துவிடுவான். சொந்தக்காரனுக்கு விசயம் தெரியும். தூரம் போகும் நாளில் கழற்றிவிடுவான்.

இயக்கம் இரண்டாக உடைந்த வருடம் அது. லெஸ்டரின் வானுக்கும் நான் நோய் வைத்தேன். அவன் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை, ஏனென்றால் அவன் வாய் ஓட்டை வாய்; இரண்டு கிளாஸ் உள்ளே போனால் ஊரெல்லாம் தெரிந்துவிடும். என் தங்கையின் வான் பறிபோகக் கூடாதென்றுதான் செய்தேன்.

முதல் தூர ஹயரிலேயே மகியங்கனை ஏற்றத்தில் வான் நின்றுவிட்டது. கோவில் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு போனவன், அவர்களை இறக்கித் தள்ளவிட்டு, வெட்கப்பட்டுத் திரும்பி வந்தான். நான் முறைப்படி எல்லாம் பார்த்தேன். கிளச் வழுக்குகிறதா, பிறேக் பிடித்துக்கொண்டு நிற்கிறதா, காற்று வடி அடைத்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாக அவன் கண் முன்னாலேயே பார்த்தேன். டீசல் எஞ்சினுக்குக் காற்றுப் போதாவிட்டால் கறுப்புப் புகை வரும். டீசல் பாயும் நேரம் பிழைத்தால் வெள்ளைப் புகை வரும். புகையே இல்லாமல் இளைத்தால் அது பட்டினி கிடக்கிறது. லெஸ்டரின் வானில் புகையே இல்லை. தொழில் தெரிந்த எவனும் மணந்தே சொல்லிவிடுவான்.

“பொக்ஸ் ஒத்து வரல்ல மச்சான். நான் அப்பவே சொன்னன்தானே,” என்றேன்.

அவன் தலையில் கையை வைத்துக்கொண்டு டயரில் குந்திவிட்டான். பாவமாகத்தான் இருந்தது. பிறகும் பலமுறை கொண்டு வந்தான். ஒவ்வொரு முறையும் எதையாவது கழற்றிப் பூட்டி அனுப்பினேன். டிசம்பரில், நத்தாருக்குக் கிட்ட றொவீனாவே வந்தாள்.

“அண்ணா, ஒருக்கா வடிவாப் பாருங்களன். வருசம் பிறந்த உடனே போகப் போறம். கிளோடியாவையும் வச்சுக்கிட்டு வழியில நிக்க ஒண்ணா.”

“நத்தார் முடியட்டும் கா, பாப்பம்,” என்றேன். நத்தாருக்கு மறுநாள் என்ன நடந்தது என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

நான் பூசையில் இருந்தேன். டச்பாரில் கடல் வருகிறது என்றதும் லெஸ்டர் வானை எடுத்திருக்கிறான். றொவீனா, கிளோடியா, நத்தாருக்கு வந்த சொந்தக்காரர், ஓடிவந்து தொங்கிய அயலட்டைச் சனம், எல்லாரும் ஏறிவிட்டார்கள். நல்ல பாரம். மணல் ஒழுங்கையில் வான் ஊர்ந்தது. முதல் கியரில் மிதித்தான், இளைத்தது. அவர்களுக்குப் பின்னால் வெளிக்கிட்ட ஓட்டோ ஒன்று அவர்களைத் தாண்டிப் போய்ப் பாலத்தில் ஏறித் தப்பியது. தண்ணீர் வானைத் தூக்கிக் கொண்டுபோய் வாவிக்குள் போட்டது. லெஸ்டர் யன்னல் கண்ணாடியால் வெளியே வந்துவிட்டான். றொவீனாவை வானுக்குள்ளிருந்து நான்தான் எடுத்தேன். கிளோடியா கிடைக்கவில்லை.

அதன் பிறகு நாலு வருடத்துக்கு மேலாக லெஸ்டர் என்னோடுதான் இருந்தான். நானே சமைத்துப் போட்டேன். சாப்பாட்டுக்கு நடுவில் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு, “நாலு கியரைப் போட்டிருந்தா பாலத்தில ஏறியிருப்பன் என்ன?” என்பான். ஓம் என்றும் சொல்லமாட்டேன், இல்லை என்றும் சொல்லமாட்டேன். அவனுக்கு ஞாபகமும் குழம்பிப் போயிருந்தது. அன்றைக்குக் கிளோடியா என்ன நிறச் சட்டை போட்டிருந்தாள் என்று என்னிடம் கேட்பான். நான் அங்கே இல்லையே, ஐயா. ஆனாலும் மஞ்சள் என்று சொன்னேன். அதற்குப் பிறகு அவனும் மஞ்சள் என்றுதான் எல்லாருக்கும் சொல்லித் திரிந்தான்.

உப்புத் தண்ணீர் குடித்த அந்த எஞ்சின் கராச் மூலையில் கிடந்தது. வாசரைக் கழற்றி எறிந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தொட மனம் வரவில்லை.

சண்டை முடிந்துவிட்டது என்று ரவுணில் பட்டாசு கொளுத்தினார்களே, அதே கிழமை, முந்தாநாள் லெஸ்டர் முகம் வழித்து, சேட்டு மாற்றிக்கொண்டு வந்து நின்றான். அவனை அப்படிப் பார்த்துக் கனகாலம்.

“றோட்டெல்லாம் திறந்திட்டாங்க மச்சான். நீர்கொழும்புக்குப் போறன். இந்த எஞ்சினை உடைச்சு இரும்புக்குப் போட்டிட்டு வெளிக்கிடுறன்,” என்றான்.

நான் சரி என்றேன். அவன் குந்தியிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றினான். பம்புக் குழாயில் கை வைத்ததைக் கண்டேன், தடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் வாசரை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வந்தான். என் கராச்சில் இவ்வளவு காலம் கிடந்ததில் அவனுக்கும் கொஞ்சம் தொழில் பிடிபட்டிருந்தது.

“இது என்ன மச்சான்? இது நோயல்லவா?”

அப்போது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அடித்திருப்பான். கொன்றும் இருப்பான். எப்படியும் போயிருப்பான். நான் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னேன்: “நீதானேடா வைக்கச் சொன்ன. இயக்கம் கேட்டிடும் எண்டு பயந்தாய். தூரம் போகக்குள்ள கழட்டு எண்டு உனக்குச் சொன்னனே, மறந்திட்டியா?”

அவன் என் முகத்தையே பார்த்தான். பிறகு ஞாபகத்தைத் தேடினான். அதைத் தேடுவதை என்னால் பார்க்க முடிந்தது. கடைசியில், “ஓம்... சொன்னனான் போலதான் கிடக்கு,” என்றான். மஞ்சள் சட்டையை நம்பியது மாதிரியே இதையும் நம்பினான்.

அவன் வைக்கச் சொல்லவே இல்லை, ஐயா. இதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம். வைத்தவன் நான், மறைத்தவன் நான், அவன் தலையில் கட்டியவனும் நான். அந்த வானில் ஏறியவர்களும் என் கணக்கில்தான் வருவார்கள். கியர் பொக்சில் ஒரு பிழையும் இல்லை.

ஆனால் அவனை நான் வாவிக்குள் தள்ளிவிடவில்லை. வாசல் வரைக்கும் போனவன் திரும்பி, “றொவீனா என்னை மன்னிப்பாளா மச்சான்?” என்று கேட்டான். அழுதுகொண்டு கேட்டான். ஒரு மனுசன் அப்படிக் கேட்கும்போது கல் மாதிரி நிற்க எனக்கு மனம் வராது. அவன் தோளில் கை வைத்து, “அவள் என்ர தங்கச்சி. அவளுக்காக நான் உன்னை மன்னிச்சிட்டன்,” என்றேன். தலையாட்டிவிட்டுப் பாலத்துப் பக்கம் நடந்தான். நீங்கள் எதைப் பொய் என்று எழுதினாலும், அதைமட்டும் அப்படி எழுதாதீர்கள் ஐயா. நான் அவனை மனதார மன்னித்தேன்.