நாலாவது ஓலை

அந்தச் சண்டை நிறுத்தம் நிக்காது மக்களே. எழுதி வச்சுக்கிடுங்க, நிக்காது. அந்தக் கல்யாண ஓலைக் கடுதாசிய மொதல்ல பாக்கெட்டுல வையுங்க. உங்களுக்க போதகர் கையெழுத்துப் போட்டுத் தந்துட்டாருன்னா எங்க போதகரும் வாற ஞாயித்துக்கெழமை எந்திச்சு நின்னு வாசிச்சிருவாரு, அவருக்கென்ன. வாசிக்கதுக்கு ஒரு கண்ணாடி போதும். அதுக்குப் பொறவு ஊருக்கு மொகம் காட்டணும்லா, அது நம்ம ரெண்டு வீட்டுக்காரங்களுக்கு உள்ள சோலி.

இரியுங்க சிஜின். உள்ள வேண்டாம், இந்தக் கசேரையில இரியுங்க, இங்கன விறாந்தையிலதான் காத்து. உள்ள எல்லாம் வாரிப் போட்டுக் கெடக்கு, தரை பூசுதோம். உங்களுக்க மாமா ரப்பர் வெட்டப் போயிருக்காரு, வர நேரமாவும். சாயா போடட்டா? பின்னயா? செரி.

என்ன, டிவியில சொன்னானா? நானும் பாத்தேனே. காலத்தலேருந்து அதத்தானே ஓட்டுதான். எங்க வீட்டுல இப்பம் சத்தம் வைக்காமத்தான் பாக்கது. அவனுவ சொல்லுத பொய்யக் கேக்கதுக்கு சத்தம் ஒரு கேடா? நீளமா ஒரு மேசை. மேசையில பூவு. ஆளுக்கொரு தண்ணிக் குப்பி, ஒருத்தனும் தொறக்கல்ல. கோட்டுப் போட்டவனுவ உள்ள போறானுவ, கோட்டுப் போட்டவனுவ வெளிய வாறானுவ. சண்டை போடுத ரெண்டு கூட்டமும் ஒரே அறையில இருக்க மாட்டானுவளாம். நடுவுல ஒருத்தன் தாளக் கையில வச்சுக்கிட்டு இந்த அறைக்கும் அந்த அறைக்கும் நடக்கணுமாம். மொகத்துக்கு மொகம் பாக்கமாட்டேன்னு சொல்லுதவனுவளா சண்டைய நிறுத்தப் போறானுவ. சவத்துப் பயலுவ.

பேச்சுவார்த்தை நான் காணாததா மக்களே. இருவத்தாறு வருசம் அண்டி ஆபீசுல குத்த வச்சு முந்திரிக்கொட்டை உடைச்சவளாக்கும் இந்த நேசம்மா. எத்தன ஸ்ட்ரைக்கு, எத்தன பேச்சுவார்த்தை. மொதலாளி ஆளும் சங்கத்து ஆளும் தக்கலையில ஓட்டலுக்குள்ள போவாவ. நாங்க நானூறு பொம்பளைய வெயில்ல ரோட்டோரம் இருப்போம். சாயங்காலம் ஏப்பம் விட்டுக்கிட்டு வெளிய வந்து, சுமுகமா முடிஞ்சு, எல்லாரும் வீட்டுக்குப் போங்கன்னு சொல்லுவாவ. யாருக்கு சுமுகம்? மறுநா காலத்த சோத்துப் பாத்திரமும் தூக்கிட்டுப் போனா கேட்டு பூட்டிக் கெடக்கும். அண்ணைக்குப் பாத்த அதே சிரிப்பத்தான் இண்ணைக்கு டிவியிலயும் பாத்தேன். இஸ்ரவேலா இருந்தா என்ன, தக்கலையா இருந்தா என்ன, வயிறு நெறைய தின்னுட்டு எந்திச்சவனுக்க மொகம் எனக்குத் தெரியும்.

நீங்க சிரிக்கிய. நம்ம ரெண்டு குடும்பத்துக்கும் கரியப் பூசினது அவனுவதானே, அத நெனச்சா சிரிப்பு வருமா? நம்ம சபைச் சட்டமும் ஒரு சட்டம். மாப்பிள்ளை சபையிலயும் பெண்ணு சபையிலயும் மூணு ஞாயித்துக்கெழமை ஓலை வாசிக்கணும். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் நிச்சயிச்சிருக்கு, தடை தெரிஞ்சவங்க சொல்லலாம்னு. ரெண்டு மாசத்துக்குள்ள கல்யாணம் நடக்கல்லேன்னா அந்த ஓலை செத்துப் போவும். பொறவு மொதல்லேருந்து வாசிக்கணும். ஓலை செத்துச் செத்துப் பொழைக்கது, இஸ்ரவேலுக்கு ஒரு கெழவியப் பாக்குத சோலிக்குப் போன நம்ம ஜாஸ்மிக்கும் உங்களுக்கும்தான் மக்களே, இந்தத் தாலூக்காவுலயே வேற ஆருக்கும் இல்ல.

மொத நிறுத்தத்துக்கு ஒரு ஞாயிறுதான் வாசிச்சு. அடுத்த ஞாயிறு வருமுன்ன அங்க குண்டு விழுந்தாச்சு. ரெண்டாமத்ததுக்கு மூணும் வாசிச்சு, பந்தலுக்குச் சொல்லி, உங்களுக்க அம்மை சேலை எடுத்து, எல்லாம் ஆச்சு. அவ பொறப்படுமுன்ன அங்க ஏர்போர்ட்ட அடச்சுப் போட்டான். மூணாமத்தது உங்களுக்குத் தெரியுமே. போதகர் ஜாஸ்மி பேர வாசிக்காரு, பின் பெஞ்சுல ரெண்டு பேரு வாயப் பொத்திச் சிரிக்காவ. சிரிக்கட்டு. கோயிலு விட்டு வெளிய வந்தா ஒருத்தி கேக்கா, ஏட்டி நேசம்மா, உனக்க மவளுக்கு ஓலை வாசிச்சாலே அங்க சண்டை தொடங்குதே, இனி வாசிக்கப்பிடாதுன்னு நாங்க எல்லாரும் சேந்து மனு குடுக்கட்டான்னு. தமாசு. அந்த மாதிரி தமாசு சொல்லதுக்குன்னே நம்ம சபையில ஒரு கூட்டம் உண்டு.

இன்னொரு கூட்டம் உண்டு, அது இதவிட மோசம். எல்லாம் வேதத்துல எழுதியிருக்கு, கடைசிக் காலம் வந்தாச்சு, இந்தச் சண்டை நடந்துதான் தீரணும்னு சொல்லுத கூட்டம். நல்ல வெயிலுக்கு ஃபேனப் போட்டு இருந்துக்கிட்டு சொல்லுவாவ. அந்தப் பக்கத்துல கொச்சுப் பிள்ளைகள வெள்ளத் துணியில பொதிஞ்சு வரிசையா கெடத்தியிருக்கான், அத டிவியில காட்டினா சேனல மாத்துவாவ. இந்தப் பக்கத்துல நம்மள மாதிரி பாவப்பட்ட வீட்டுப் பெண்ணுவ, வயசான ஆளுவளுக்கு மூத்திரம் எடுக்கப் போனதுவ, பதுங்கு அறைக்குள்ள கெடக்குதுவ. எழுதியிருக்காம். இவங்களுக்க பிள்ளைகள்ல ஒண்ணு அங்க இருந்தா அந்த எழுத்த எப்படி வாசிப்பாவன்னு பாக்கணும்.

யாருக்காவது தடை உண்டுமான்னு போதகர் கேக்காருல்லா, ரெண்டாமத்த வட்டம் நான் எந்திக்கப் பாத்தேன். தடை உண்டு சாமி, இன்னின்ன நாட்டுல இன்னின்ன பெரிய மனுசனுவ, அவனுவளுக்கு ஒரு மவ கல்யாணத்துக்கு நிக்கல்ல, அதனால அவனுவளுக்கு அவசரம் இல்லேன்னு சொல்லணும்னு இருந்து. மாமா சேலையப் பிடிச்சு இருத்திட்டாரு.

ஏர்போர்ட்டு தொறந்தாச்சா? தொறக்கத் தெரிஞ்சவனுக்கு அடைக்கத் தெரியாதா? வாற வாரம் டிக்கெட்டு கிடைக்கும்னு உங்ககிட்ட ஆரு சொன்னது? உங்களுக்க கூட்டுக்காரன் சொல்லுவான். அவன் தக்கலையில டிராவல்ஸ் வச்சிருக்கான், டிக்கெட்டு விக்கதுதானே அவனுக்க சோலி.

வீடியோவுலயா? அவ எப்படி வருவா மக்களே. அந்தப் பதுங்கு அறையில சுவரு இத்தன கனம், டவரு கிடைக்காது. மெசேஜ் வருதுல்லா உங்களுக்கு, பின்னே என்ன. ஆமா, நாலு வார்த்தைதான் வரும். சுகமா இருக்கேன், சாப்பிட்டியளா, ஜெபம் பண்ணுங்க. வேற என்ன எழுதுவா. முந்தி பக்கம் பக்கமா எழுதினான்னா அது முந்தி. கொஞ்சம் மெலிஞ்சு போன பேச்சுன்னு வையுங்க. சண்டை நடக்க எடத்துல இருந்துக்கிட்டு ஆரு காதல் கடுதாசி எழுதுவா.

அப்படியா. உங்களுக்க அம்மை அப்படிச் சொன்னாவளா. செரி, சொல்லுவாவ, அவங்க பேருல தப்பில்ல. ஒத்த மவன். வயசு முப்பத்திரெண்டு ஆவுது. மார்த்தாண்டத்துல பெண்ணு பாத்து வச்சிருக்காவளா? டீச்சரா. நல்லதுதான். எங்கயும் போவாத பெண்ணு.

இல்ல, நான் கோவப்படல்ல. நான் எதுக்கு உங்ககிட்ட கோவப்படுதேன். மூணு வருசமா காத்து நின்னிய, வேற ஒருத்தனா இருந்தா ரெண்டாமத்த ஓலையிலயே ஓடியிருப்பான். நான் அதச் சொல்லல்ல. நான் சொல்லது, இந்த நிறுத்தத்த நம்பி ஞாயித்துக்கெழமை ஓலை வாசிக்காண்டாம். கொஞ்சம் பொறுங்க. ஒரு பத்து நாளுல அவனுவளே அடிச்சுக்கிட்டு எந்திப்பானுவ, நான் சொன்னது செரின்னு நீங்களே வந்து சொல்லுவிய. கையெழுத்துப் போட்டா என்ன, அந்தப் பேனாவக் கொண்டு காது கொடையதுக்குக்கூட ஆவாது.

நிக்கப்பிடாதுன்னு நான் ஆசைப்படுத மாதிரி இருக்கா?

நல்லா கேட்டிய மக்களே. கேட்டிய. அம்மை வளத்த பிள்ளை, எதையும் நேரே கேக்கிய.

ஆமா. ஆசைதான். நீங்க வாறதுக்கு முன்ன உள்ள முட்டுக்குத்தி நின்னுக்கிட்டு இருந்தேன். என்ன ஜெபம்னு நெனைக்கிய? கர்த்தாவே, இந்தக் கையெழுத்து விழப்பிடாது, இவனுவ இன்னும் கொஞ்ச நாளு அடிச்சுக்கிட்டுக் கெடக்கட்டும். இப்படி ஒரு ஜெபத்த ஒரு கிறிஸ்தவச்சி பண்ணுவாளா? பண்ணினேன். அந்தப் பிள்ளைகளயும் டிவியில பாத்துக்கிட்டேதான் பண்ணினேன். அவனுவளச் சவம்னு சொல்லுதேன்லா, நான் அவனுவளவிடச் சவம்.

சண்டை நின்னுப் போச்சுன்னா உங்ககிட்ட சொல்லதுக்கு எனக்கு ஒரு காரணம் இல்ல மக்களே. அதுதான் விசயம்.

கொரலு உசத்தாண்டாம். இரியுங்க. சொல்லுதேன்.

அந்த மூணாமத்த நிறுத்தம். நான் மொத ரெண்டையும் நம்பல்ல, அத நம்பினேன். ஒரே ஒரு வட்டம் நம்பினேன். டிவியில ரெண்டு பேரு கை குலுக்கினான், கோயில்ல மணியடிச்சாவ, நானும் காணிக்கை போட்டேன். போட்டுட்டு நேரே அவளுக்குப் ஃபோன் பண்ணினேன். அவ சொன்னா, அம்மா, இங்க இன்னும் வெளிய எறங்க பயமாட்டு இருக்கு, ரெண்டு நாளு கழியட்டும்னு. நானாக்கும் சொன்னது. ஏட்டி, எல்லாம் நிறுத்தியாச்சு, டிவியில போட்டாச்சு, நீ பயந்து பயந்து அந்தக் கெழவியயும் இருட்டுல போட்டு வச்சிருக்க, பாவம், ஒரு மாசமா வெயிலு காணாத ஒடம்பு, சக்கர வண்டியில இருத்தி முத்தத்துல கொஞ்சம் வெயிலு காட்டுன்னு.

காட்டினா.

அம்மை சொன்னா கேக்குத பிள்ளை. அந்த அம்மச்சிக்கு தலை சீவி, கம்பளி போத்தி, முத்தத்துல கொண்டு இருத்தியிருக்கா. குடிக்கத் தண்ணி எடுக்க உள்ள போயிட்டுத் திரும்பி வாசப்படிக்கு வந்திருக்கா. அவ்வளவுதான். முத்தத்துல விழுந்த குண்டு எவன் விட்டதுன்னு ரெண்டு கூட்டமும் இண்ணைக்கும் தர்க்கம் பண்ணுதானுவ, அறிக்கை விடுதானுவ. எனக்கு எவன் விட்டா என்ன. முத்தத்துல இருத்தச் சொன்னது நானு.

அவளுக்கு ஒண்ணும் இல்ல. ஒரு கீறல் கெடையாது. ஆஸ்பத்திரியில பாத்து, எல்லாம் நார்மல்னு தாளுல எழுதித் தந்து விமானத்துல ஏத்தி விட்டான். ரெண்டு மாசமும் பதிமூணு நாளும் ஆச்சு. மாமாதான் திருவனந்தபுரத்துல போய் காருல கூட்டிட்டு வந்தாரு, வெளிச்சம் வைக்க முன்ன. பக்கத்து வீட்டுக்கும் தெரியாது. பேசுவா, சாப்பிடுவா, எனக்கு தலை வாரி விடுவா, ரொம்ப நேரம் வாருவா. நாகர்கோவில்ல ஒரு டாக்டரு பாக்காரு. சரியாவும்னு சொல்லுதாரு, எண்ணைக்குன்னு சொல்லமாட்டேங்காரு. உங்களுக்கு வந்த மெசேஜ் எல்லாம் நான் அனுப்பினது. அவளுக்க ஃபோன்ல, ஒத்த வெரலு வச்சு. சாப்பிட்டியளான்னு கேட்டது நானு. நீங்க ஒருநா பெரிசா ஒண்ணு எழுதியிருந்திய, கல்யாணத்துக்குப் பொறவு எங்க வீடு எடுக்கலாம்னு. அத வாசிச்சிட்டு அடுக்களையில இருந்து அழுதேன். மன்னிக்கணும்.

இந்தா, எந்திச்சிட்டிய. செரி மக்களே. நான் தடுக்க மாட்டேன். அந்த டீச்சரு பெண்ண முடிச்சிடுங்க, நான் வந்து கல்யாணத்துக்கு எல விரிப்பேன், மனசுல ஒண்ணும் வைக்க மாட்டேன். அம்மைகிட்ட மட்டும் இத நீங்களே பக்குவமாச் சொல்லுங்க. பைக்க கேட்டுக்கு வெளிய தள்ளிக் கொண்டு போய் ஸ்டார்ட் பண்ணுங்க.

எங்க போறிய? கேட்டு அந்தப் பக்கமாக்கும்.

உள்ளயா.

இடது பக்கத்து அறை. நில்லுங்க, செருப்பக் கழத்துங்க. கதவத் தட்டிராதீங்க மக்களே, தட்டினா கட்டிலுக்க அடியில போயிருவா, வெளிய கொண்டு வர ஒரு பகலு ஆவும். கொஞ்சம் தள்ளி நின்னு, பைய, பேரு சொல்லி விளியுங்க.