கீழ் ஸ்டேஷனில் பதில் இல்லை

மாலை ஐந்து ஐம்பது. நள்ளிரவு என்று ஆரம்பிப்பேன் என நினைத்தீர்கள்... இல்லை. வெளிச்சம் இருக்கும்போதே நடந்தது இது. ஊருக்கு வெளியே ஒரு சாலை. தெருவிளக்குகள் பாதி வழியிலேயே நின்றுவிடும். அதற்கப்புறம் முந்நூறு அடி தள்ளி, ஒட்டினாற்போல் இரண்டு வீடுகள். அதையும் தாண்டி அந்தச் சாலையில் யாருக்கும் எந்த வேலையும் இல்லை.

நம் பிரஸ் பைண்டர் மூன்று நாளாக ஏன் வரவில்லை என்று கேட்டுக்கொண்டிருந்தீர்கள். மெஷின் ஓடும்போது சொல்லக்கூடிய விஷயம் இல்லை. இப்போது கரண்ட் போய்விட்டது, வர ஒரு மணி நேரமாவது ஆகும். மெழுகுவர்த்தியை நடுவில் வையுங்கள். அவனுடைய பெரியப்பாவுக்கு நடந்தது இது. அவன் சொன்னதைச் சொன்ன வரிசையிலேயே சொல்கிறேன்.

பெரியப்பா சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போய்ப் பல வருஷம். பக்கத்து வீட்டில் அவருடைய தங்கையும் தங்கை புருஷனும். மாப்பிள்ளைக்கு, அதாவது தங்கை புருஷனுக்கு, பல் செட் செய்யும் தொழில். வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்னப் பட்டறை. இரண்டு வீட்டுக்கும் நடுவே இருந்த சுவரை இடித்து, தோட்டத்தை ஒன்றாக்கி, மைத்துனர்கள் இருவரும் சேர்ந்து அங்கே ஒரு ரயில் பாதை போட்டார்கள்.

விளையாட்டுச் சாமான் என்று நினைக்காதீர்கள். கொதிகலனில் தண்ணீர் ஊற்றி, கீழே ஸ்பிரிட் விளக்கு ஏற்றி, நிஜ நீராவியில் ஓடும் எஞ்சின். ஆளுக்கு ஒன்று, ஒவ்வொன்றும் ஒரு முழ நீளம். பாதை நூற்றுப் பத்து மீட்டர். சர்வேயர் மட்டக் கருவியை வைத்து, ஏற்ற இறக்கம் கணக்குப் போட்டு, சல்லியைச் சலித்துக் கொட்டி, மூன்று வருஷம் போட்ட பாதை. ஸ்டேஷன், நடைமேடை எல்லாம் மாப்பிள்ளை பல் அச்சு எடுக்கும் மாவில் வார்த்தது. பெட்டிக்குள் பயணிகள்கூட உண்டு. ஈறு செய்யும் ரோஸ் நிறப் பொருளில் முகம். சர்வேயர் ஒருநாள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, எதற்கு எல்லாருக்கும் இவ்வளவு பெரிய பல் என்று கேட்டாராம்.

“உங்கம்மாவுக்கு செட் பண்ணினதுல மிச்சம், மச்சான்.”

அப்படிப்பட்ட மனிதர். வீட்டில் சிரிப்பென்றால் அவர்தான்.

சர்வேயர் வீட்டுப் பின்வாசலில் மேல் ஸ்டேஷன். மாப்பிள்ளை பட்டறை வாசலில் கீழ் ஸ்டேஷன். நடுவில் ஒற்றைப் பாதை. வேலிச்செடியைச் சுற்றி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய், ஒரு சிமெண்ட் குழாய்க்குள் நுழைந்து வரும். ஒருவருக்கு ஒருவர் கண்ணில் பட மாட்டார்கள். ஒருமுறை இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எஞ்சினை அனுப்பி, இரண்டும் குழாய்க்குள் முட்டிக்கொண்டன. நீராவி எஞ்சினை விட்டால் விட்டதுதான், சுவிட்சைத் தட்டி நிறுத்த முடியாது. அதற்கப்புறம் சர்வேயர் பழைய டெலிபோன் மணி இரண்டை எடுத்து, இரண்டு முனையிலும் மாட்டிக் கம்பி இழுத்தார். நோட்டில் விதிகளும் எழுதினார்.

இரண்டு அடி அடித்தால், ‘வரலாமா?’ பதிலுக்கு இரண்டு அடி வந்தால், ‘வரலாம்.’ வண்டி வந்ததும் மூன்று அடி, ‘வந்து சேர்ந்தது.’ அந்த மூன்று அடி வரும்வரை பாதை மூடியிருக்கிறது என்று அர்த்தம். குரல் கொடுக்கக் கூடாது. இடத்தை விட்டு எழக் கூடாது. எழுந்தவன் மறுநாள் நூற்றுப் பத்து மீட்டர் தண்டவாளத்தையும் துணி போட்டுத் துடைக்க வேண்டும். மாப்பிள்ளை பலமுறை துடைத்திருக்கிறார். சர்வேயர் ஒருமுறைகூட இல்லை.

ஒருநாள் மாலை ஐந்து ஐம்பதுக்குச் சர்வேயர் இரண்டு அடி அடித்தார். இரண்டு அடி பதில் வந்தது. வால்வைத் திறந்தார். வண்டி போனது. வேலி, தொட்டி, குழாய். கீழே போய்ச் சேர நான்கு நிமிஷம்.

மூன்று அடி வரவில்லை.

மாப்பிள்ளை வேண்டுமென்றே சீண்டுகிறார், தன்னை எழ வைத்துத் துணியைக் கையில் கொடுக்கப் பார்க்கிறார் என்று நினைத்தார். விட்டுக்கொடுப்பாரா? நோட்டை எடுத்தார். ஆறு மணி, கீழ் ஸ்டேஷனில் பதில் இல்லை. எழுதினார். ஆறு பத்து, பதில் இல்லை. ஆறு இருபது... ஆறு முப்பது... இருட்டிவிட்டது. அப்போதுதான் ஏதோ கருகுகிற வாசனை. எழுந்து போனார்.

எஞ்சின் பாதைக் கடைசியில் முட்டி நின்றிருந்தது. தண்ணீர் வற்றிப் பெயிண்ட் பொசுங்கியிருந்தது. பக்கத்தில் மாப்பிள்ளை விழுந்து கிடந்தார், வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. கண் திறந்திருந்தது. கொஞ்சம் மூச்சு இருந்தது. தூக்கிக்கொண்டு ஓடினார்கள்... ஆஸ்பத்திரி வாசலில் அதுவும் நின்றது. அரை மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார்.

ஆஸ்பத்திரி பெஞ்சில் தங்கை ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

“உடனே போய்ப் பார்த்தியாண்ணா?”

“உடனே போனேம்மா,” என்றார்.

அந்த ஒரு பொய். அவருக்குப் பக்கத்தில் துணையென்று மிச்சம் இருந்தது அந்தத் தங்கை ஒருத்திதான். உண்மை தெரிந்தால் அவளும் இல்லை. அதனால் எஞ்சின் இரண்டையும் அலமாரியில் வைத்துப் பூட்டினார். நோட்டைத் துணிகளுக்கு அடியில் வைத்தார். தங்கை கையால் இரண்டு வேளை சாப்பிட்டார். ஒவ்வொரு வாயும் நெஞ்சில் நின்றது என்று பின்னால் பைண்டரிடம் சொல்லியிருக்கிறார்.

ஒரு மாதம் ஆயிற்று. ஒருநாள் மாலை ஐந்து ஐம்பது. பின்வாசல் மணி அடித்தது.

கிணிங்... கிணிங்.

இரண்டு அடி. ‘வரலாமா?’

எலி கம்பியைக் கடித்திருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டார். மறுநாளும் அதே நேரம். கத்திரியால் கம்பியை வெட்டினார். அதற்கு மறுநாள், வெட்டின கம்பி தரையில் சுருண்டு கிடக்க, மணி அடித்தது. அவசரமே இல்லாமல். முதல் அடியின் அதிர்வு அடங்கும்வரை நிறுத்தி, அப்புறம் இரண்டாவது. மாப்பிள்ளை அப்படித்தான் அடிப்பார்.

பதினோரு நாள் தாங்கினார். பன்னிரண்டாம் நாள் நோட்டைத் தூக்கிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனார். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னார். அவள் மடிப்பதை நிறுத்தவில்லை. மடித்து முடித்துவிட்டு நோட்டை வாங்கி, விரலை வைத்து வரி வரியாகப் படித்தாள். அழவில்லை. கத்தவும் இல்லை.

“நாலு தடவை எழுதியிருக்கியேண்ணா. எழுந்து நாலு எட்டு நடந்திருக்கலாமே.”

அவள் நோட்டை மூடினாள்.

“இன்னிக்கு அவர் கேட்டா, வரச் சொல்லு.”

வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தாராம். அவள் கேட்கவில்லை. ஐந்தரைக்கே வந்து, மேல் ஸ்டேஷன் பக்கத்தில் கிடந்த இரண்டு பிரம்பு நாற்காலிகளில் ஒன்றை அண்ணனுக்கு நேர் எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மற்றது காலியாக அவர் பக்கத்தில் கிடந்தது. அவர் தன் ஸ்டூலில்.

கிணிங்... கிணிங்.

தங்கை அவரையே பார்த்தாள். அவர் இரண்டு அடி பதில் கொடுத்தார்.

முதலில் ஒன்றுமில்லை. அப்புறம் குழாய்க்குள்ளிருந்து... சுக், சுக், சுக். தண்டவாளத்தின் இணைப்புகளில் டக்... டக்... எஞ்சின் இரண்டும் உள்ளே பூட்டின அலமாரியில் இருக்கின்றன. சாவி அவர் பையில் இருக்கிறது. ஸ்பிரிட் எரியும் வாசனை வந்தது. சூடான எண்ணெய் வாசனை. பாதையில் எதுவும் இல்லை, ஆனால் தண்டவாளத்தின் மேல் பொட்டுப் பொட்டாக ஈரம் விழுந்துகொண்டே வந்தது. மேல் ஸ்டேஷனில் வந்து நின்றது. ஒரு நீண்ட பெருமூச்சுபோல ‘ஸ்ஸ்ஸ்...’

பிறகு காலி நாற்காலியில் பிரம்பு கிரீச்சென்று நெரிந்தது. ஓர் ஆள் உட்கார்ந்தால் எப்படி நெரியுமோ, அப்படி.

சர்வேயர் மூன்று அடி கொடுக்கக் கையைத் தூக்கினார். கை வரவில்லை. பாதத்திலிருந்து குளிர் ஏறியது. முழங்கால், இடுப்பு, நெஞ்சு. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. கண் தெரிந்தது, காது கேட்டது, அவ்வளவுதான். எதிரே தங்கை கடிகாரத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து வரவில்லை. தண்ணீர் கொடுக்கவில்லை. ஆறு மணி. ஆறு பத்து. ஆறு இருபது.

ஆறு முப்பதுக்கு அந்தக் காலி நாற்காலியைப் பார்த்து, வீட்டில் பேசுகிற சாதாரணக் குரலில் சொன்னாள்.

“போதும்ங்க. விடுங்க.”

குளிர் இறங்கியது. சர்வேயர் ஸ்டூலிலிருந்து கீழே விழுந்தார். அவள் நாற்காலியை ஓரமாக வைத்துவிட்டு, சாப்பாடு மூடி வைத்திருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாளும் ஐந்தரைக்கு வந்தாள். அதற்கு மறுநாளும். இரண்டு மாதம். மூன்று அடி கொடுக்க அவர் கை ஒருநாளும் எழவில்லை.

நடுவில் ஒருநாள் நம் பைண்டர் போயிருக்கிறான். தன் கண்ணால் பார்த்தான். பெரியப்பாவின் மணிக்கட்டைப் பிடித்தானாம். குழாய்த் தண்ணீர்போலச் சில்லென்று இருந்தது, நாடி அகப்படவில்லை. ஏன் அத்தை இப்படி என்று அழுதிருக்கிறான்.

“நாற்பது நிமிஷந்தானேடா. அதுக்கு மேல ஒரு நிமிஷம் நான் விட்டதில்ல.”

பெரியப்பாவைத் தன்னோடு வந்துவிடச் சொல்லியும் கெஞ்சினான். அவர் தண்டவாளத்தைத் துடைத்துக்கொண்டே, வரலாம் என்று பதில் கொடுத்தவன் தான்தான், வண்டி வந்து சேர்ந்ததைச் சொல்லாமல் இடத்தை விட்டு எழுந்தால் அது ஒழுங்கில்லை என்றாராம். அவர் போட்ட விதி. அதை மீறுகிற புத்தி அவருக்குக் கடைசிவரை வரவில்லை.

இந்தத் திங்கட்கிழமை இரவு ஒன்பது மணிக்கு அத்தை பைண்டருக்குப் போன் செய்தாள். பின்னால் பஸ் ஸ்டாண்ட் இரைச்சல்.

“பெரியப்பாவைப் போய்ப் பாரு. நான் ஊருக்குக் கிளம்பிட்டேன்.”

“எப்பக் கிளம்பினீங்க அத்தை?”

“அஞ்சரைக்கே.”

அதோடு வைத்துவிட்டாள். அதற்கப்புறம் அந்த எண் கிடைக்கவில்லை.

அவன் சைக்கிளை மிதித்துக்கொண்டு போனான். பின்வாசலில் விளக்கு இல்லை. ஸ்பிரிட் வாசனை மட்டும் கப்பென்று அடித்தது. பெரியப்பா ஸ்டூலில் அப்படியே இருந்தார். டாக்டரைக் கூட்டிவந்தான். அவர் டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தார், கருவியை நெஞ்சில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். உயிர் இருக்கிறது என்றும் எழுத முடியவில்லை, இல்லை என்றும் எழுத முடியவில்லை என்று சொல்லிவிட்டு, பையைக்கூட மூடாமல் போய்விட்டார். மூன்று பேரைச் சேர்த்துத் தூக்கிப் பார்த்தார்கள். ஸ்டூலோடுகூட அசையவில்லை. பெரியப்பாவின் கண்கள் மட்டும் பைண்டர் போகிற பக்கமெல்லாம் வந்தன.

இன்று வியாழன். சாயங்காலம் எனக்குப் போன் செய்தான். குரலே அவனுடையதாக இல்லை. நேற்று ராத்திரி அவனுக்கு ஒன்று தோன்றியிருக்கிறது. ஆறு முப்பதுக்கு அத்தை சொல்வதை அவன் சொல்லிப் பார்த்தால் என்ன? எதிரே போய் உட்கார்ந்தான். காலி நாற்காலியைப் பார்த்துக் கையைக் கூப்பினான்.

“மாமா... போதும். விட்டுடுங்க.”

பிரம்பு நெரிந்தது. எழுந்துகொள்கிறார் என்று நினைத்தானாம்.

இல்லை. சாய்ந்து... நன்றாக வசதியாக உட்கார்ந்துகொள்ளும் சத்தம்.