சேற்றில் போன செருப்பு

"செருப்பு போனா போவுது, நாலு முட்ட பொழச்சுதே!"

ஞாயிற்றுக்கிழமை காலை, விம்கோ நகரில் மெட்ரோ ஏறிய ஒரு பெண் இப்படிக் கத்தினாள். முழங்கால் வரை சேறு, இரண்டு காலும் வெறுங்கால், கையில் ஒற்றைச் செருப்பு. என் தூக்கம் போன எரிச்சலில் முறைத்தேன். அவளும் கூட வந்த புருஷனும் கவனிக்கவே இல்லை.

"எண்ணூர் கழிமுகத்துக்குப் பறவ பாக்கத்தான போனோம்? சேத்துல ஏம்மே எறங்கின?"

"நடக்குற வழியிலயே ஆள்காட்டி குருவி முட்ட வெச்சுகீது. மிதிச்சினு வரச் சொல்றியா?"

"அந்த இன்னொரு செருப்பையும் அங்கயே கடாசிட்டு வர்றதுதான? இன்னாத்துக்குத் தூக்கினு வர?"

"கடாசினா கரை கலீஜாவும்யா."

"சரி, இப்ப நேரா மாதா கோயில் பூசைக்குப் போறோம். நீதான் பைபிள் வாசகம் படிக்கணும். வெறுங்காலோட பீடத்துல ஏறினா கோயிலே சிரிக்கும்."

அவள் முகம் வாடியது.

"ஈஸ்டர் வரைக்கும் தவக்காலம்தான? செருப்பு போடாதது வேண்டுதல்னு சொல்லிடு," என்றான் அவன்.

"கோயில்ல பொய் சொல்லச் சொல்றியா?" கொஞ்சம் யோசித்தவள் பெரிதாகச் சிரித்தாள். "நெசமாவே நேந்துக்குறேன். அந்த முட்ட குஞ்சு பொரிக்கிற வரைக்கும் செருப்பே போட மாட்டேன்."

அவன் குனிந்து தன் செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டான்.

"எனக்கும் சேத்து நேந்துக்கோ."